மேக்கப் தீர்ந்துபோச்சு

கல்யாணமாகி ஆவடிக்கு வந்த இரண்டாவது வருஷம் என் வீட்டுக்காரர் சட்டையில் நெயில் பாலிஷ் வாசனை வர ஆரம்பித்தது. நான் நெயில் பாலிஷ் போடுகிறவள் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மருந்து கம்பெனியில் அவருக்கு வேலை. இருமல் மருந்து லேபிளில் தேதியை ரப்பர் ஸ்டாம்பால் குத்திக்கொண்டிருந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்பெனி ஒரு மிஷின் வாங்கி அவர் பொறுப்பில் விட்டது. "பாட்டில தொடாமலே எழுதும்டி" என்பார். தொடாமல் எப்படி எழுதும்? அதையே நான் நம்பவில்லை.

"இன்னாங்க இது, சட்டை இப்டி வாட அடிக்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இங்க்குடி" என்றார்.

பள்ளிக்கூடத்தில் நானும் இங்க் பேனா பிடித்தவள்தான். எந்த இங்க்குக்கு இப்படி ஒரு வாசனை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு வேலை செய்கிறவர் வாசலில் நின்று பேசியது அடுப்படிவரை கேட்டது.

"மாமே, மேக்கப் தீந்துபோச்சு. அந்தப் பொண்ணு வேற கேட்டுக்கினே கீது."

"நாளைக்கு நான் பாத்துக்கறேன், நீ உடு."

அன்று சோற்றுத் தட்டை அவர் முன்னால் டங்கென்று வைத்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு இன்னும் உறுத்தியது.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். முந்தின வருஷம் தலைவலி என்று போகாமல் இருந்தவள், இந்த முறை அவருக்கு முன்னால் புடவை கட்டிக்கொண்டு நின்றேன்.

மிஷினுக்கு மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். எனக்குக் காட்டுவதற்காக அவர் அதை ஓட்டினார். பெல்ட்டில் பாட்டில்கள் வரிசையாகப் போயின. எதுவும் அவற்றைத் தொடவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போனபோது ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளாகத் தேதி விழுந்திருந்தது. கிட்டே போனதும் அதே வாசனை குப்பென்று அடித்தது. பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

"இதுக்குப் பேருதான் மேக்கப். இங்க் கெட்டியாகாம இருக்க இத்த ஊத்தணும்."

எனக்கு மூச்சு திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து, பேக்கிங்கில் வேலை செய்யும் பெண் ஒருத்தி பொரியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணன் ரொம்ப நல்லவருக்கா. நெயில் பாலிஷோட வந்தா சூப்பர்வைசர் உள்ள உட மாட்டாரு. அத்த அழிக்க அண்ணன்தான் மேக்கப்ப பஞ்சுல நனைச்சிக் குடுப்பாரு."

அவள் நகங்கள் துளி பாலிஷ் இல்லாமல் பளிச்சென்று இருந்தன.

"குடுப்பாரா, தொடைச்சே உடுவாரா?" என்றேன்.

அவள் சிரித்தாள். அவர் குனிந்து மிஷினில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

பேக்கிங்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் போய்ச் சேர்ந்தேன். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. அட்டைப்பெட்டி மடிக்கக் கற்றுக்கொடுத்தாள். தன் டிபன் பாக்ஸில் இருந்த கருவாட்டை எனக்கு எடுத்து வைத்தாள். அவளைப் பிடித்துப் போயிற்று. ஆனாலும் அவர் மேக்கப் ஊற்ற வரும்போதெல்லாம் நான் பாட்டிலைப் பார்க்காமல் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் சிக்கவில்லை. தேதி விழாத பாட்டில்களை அப்படியே பெட்டியில் போட்டுத் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

தை மாசம் அவளுக்குக் குத்தம்பாக்கத்தில் கல்யாணம். வீட்டுக்கே வந்து பத்திரிகை வைத்தாள். வருகிறேன் என்று தலையாட்டிய என் வீட்டுக்காரர், கல்யாணம் நடந்த ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று காலையிலேயே கிளம்பிப் போனார். முகூர்த்தத்துக்கு வந்துவிடுவார் என்று நம்பி, பேக்கிங் பெண்களோடு நான் பஸ் ஏறினேன். அவருக்குப் பதில் கம்பெனியிலிருந்து ஒரு ஆள்தான் வந்தான். "மிஷின் நின்னுபோச்சாம். அண்ணன் வர முடியாதுன்னு சொல்லச் சொன்னாரு" என்றான்.

மணமேடையில் அவள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன் வரலியாக்கா?"

"மிஷின் ரிப்பேராம்" என்றேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் முதலில் மிஷின் பக்கம் போய்ப் பார்த்தேன். தேதி இல்லாத பாட்டில்கள் சுவரோரம் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. அவர் பொய் சொல்லவில்லை. நான் ஒவ்வொரு தட்டாக எடுத்துப் பாட்டில்களை பெல்ட்டில் வைக்க, அவர் அந்தப் பக்கம் நின்று மிஷினை ஓட்டினார். சாப்பாட்டு மணி அடித்தபோது சுவரோரம் காலியாகியிருந்தது.

மிஷின் நின்றது நிஜம். தானாக நின்றதா என்று மட்டும் இன்றுவரை நான் கேட்கவில்லை.