சான்றிதழில் நான் எழுதிய ழகரம்

செவ்வாய்க்கிழமை காலை சிங்கப்பூர் தேக்கா சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது காதரின் மகள் அழைத்தாள். "டீச்சர், அத்தா மவுத்தாயிட்டாங்க. மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் சுவா சூ காங்ல அடக்கம்." கீரைக்காரர் நீட்டிய பையை வாங்காமலே நின்றேன். இரண்டு மாதமாக நோயில் கிடந்தவர்தான். எதிர்பார்த்த செய்திதான்.

காதர் பள்ளிக் கணினிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நம் ஓய்வுபெற்ற ஆசிரியர் குழுவின் மின்னஞ்சல் சர்வரைப் பல ஆண்டுகள் அவர்தான் கவனித்துக்கொண்டார். சனிக்கிழமைதோறும் பாசிர் ரிஸ்ஸிலிருந்து ரயிலேறி, சிராங்கூன் சாலையில் உள்ள நம் மாடி அறைக்கு வந்துவிடுவார். கடவுச்சொல்லை மறந்துவிட்டு நாம் தொலைபேசியில் பதறினால், முதலில் "சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்பார். "பசியோட டைப் பண்ணினா தப்புத்தான் வரும் லா."

சென்ற ஆண்டு சர்வருக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் நிறுவினோம். அது என்னவென்று வகுப்பில் சொல்வதுபோலவே சொல்கிறேன். தேர்வு மண்டபத்துக்கு வரும் மாணவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் நம் பட்டியலில் உள்ள பெயரும் ஒத்துப்போனால்தான் உள்ளே விடுவோம். சர்வருக்கு அந்த அட்டைதான் சான்றிதழ். இதை விளக்காமல், "புதிய சான்றிதழ் வந்துவிட்டது" என்று மட்டும் உறுப்பினர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டேன். மார்சிலிங்கிலிருந்து ஓர் அம்மையார் பட்டுச்சேலை உடுத்தி வந்து நின்றார்.

"எனக்குரியத யார் கையால குடுக்கப்போறீங்க?"

காதர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "அத சர்வருக்குக் குடுத்துட்டோம்மா. உங்களுக்கு டீ இருக்கு, உக்காருங்க."

சிரிக்கும் நிலையில் நாங்கள் இல்லை. சான்றிதழைப் போட்டதிலிருந்து இணையத்தில் அஞ்சல் பெட்டி திறக்கவில்லை. 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கைதான் வந்தது. மாணவர் கட்டுரைப் போட்டிக்கு வந்தவை எல்லாம் அதற்குள் கிடந்தன. காதர் சர்வரை நிறுத்தித் தொடங்கினார், சான்றிதழை எடுத்துவிட்டு மீண்டும் போட்டார், அமைப்புகளையெல்லாம் புரட்டினார். இரண்டு நாள் போயிற்று. போட்டி முடிவைத் தள்ளிவைத்தோம். மூன்றாம் நாள் என்னை அருகில் உட்காரச் சொன்னார்.

"நான் முகவரிய வாசிக்கிறேன் டீச்சர். நீங்க சான்றிதழ்ல இருக்கறத வாசிங்க. ஒவ்வொரு எழுத்தா."

சர்வரின் பெயரில் 'தமிழ்' என்பது ஆங்கில எல் எழுத்தில் முடிந்தது. சான்றிதழில் இசட், எச் என்று இருந்தது. விண்ணப்பத்தை நிரப்பியவள் நான். காலமெல்லாம் ழகரம் சொல்லிக்கொடுத்த கை, அந்த இடத்தில் எல் போட மறுத்திருக்கிறது.

"உங்க ழ சரியாத்தான் இருக்கு. கம்ப்யூட்டர்தான் தமிழ் படிக்கல" என்று சொல்லிவிட்டுப் புதிய விண்ணப்பம் அனுப்பினார். மறுநாள் பெட்டி திறந்தது.

செயற்குழுக் கூட்டத்தில் தலைவர், "யாரு செஞ்ச வேல இது?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் காதர், "நான் சரிபார்க்காம போட்டுட்டேன்" என்றார். வாய் திறப்பதற்குள் என்று எழுதுகிறேன். உண்மையில் அதன் பிறகும் ஒரு மணி நேரம் கூட்டம் நடந்தது, நான் பேசவில்லை. செயலாளர் என்ற முறையில் கூட்டக் குறிப்பில் 'காதரின் கவனக்குறைவு' என்று நானே எழுதினேன். அடுத்த மாதம் சர்வர் வேலை வெளி நிறுவனத்திடம் போனது. சனிக்கிழமைகளில் அவர் வருவதும் நின்றது.

மருத்துவமனையில் பார்த்தபோது மன்னிப்புக் கேட்டேன். "அட, இன்னுமா அதத் தூக்கிட்டு அலையறீங்க? எறக்கி வைங்க டீச்சர்" என்றார். களைப்பாக இருந்தார். நானும்தான்.

வரும் கூட்டத்தில் அந்த வரியை அடித்துவிட்டு என் பெயரை எழுதச் சொல்லப்போகிறேன். அவர் கவனக்குறைவானவர் என்று இதுவரை நம்பியவர்கள் இதைப் படித்தபின் அப்படி நினைக்க வேண்டாம்.

பிழையைக் கண்டுபிடித்த அந்த நிமிடத்தில் காதர் என் பக்கம் திரும்பவில்லை. என் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டாமென்று திரையைப் பார்த்தபடியே பேசினார். எத்தனையோ பிள்ளைகளின் பிழையை நான் அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அந்தத் திரும்பாத முகத்தை.