எஸ்தரின் அணில்முடி பிரஷ்

நனைந்த பிரஷ்ஷை உதட்டில் வைத்து நுனி கூட்டும்போது நாக்கில் ஒட்டுமே பச்சைச் சாயம், அந்தக் கசப்பு எனக்கு அத்துப்படி. எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஏழாம் வகுப்புப் படித்த எனக்கு இருந்ததே மெல்லிசான இரண்டாம் நம்பர் பிரஷ் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு இலை இலையாக மரம் வரைவேன். "ஏட்டி, விடியிறதுக்குள்ள ஒரு கிளையாச்சும் முடியுமா?" என்று அம்மா கேலி செய்வாள். ஆனாலும் வகுப்பில் மரம் என்றால் நான்தான்.

அப்படி இருக்கையில் என் பெஞ்சுக்காரி எஸ்தருக்கு அவள் சித்தப்பா மதுரையிலிருந்து பத்தாம் நம்பர் பிரஷ் வாங்கி வந்தார். "அணில்முடி"யாம்! தண்ணீரைக் குடித்துக் குண்டாகும், நுனி மட்டும் ஊசியாக நிற்கும். ஒரே இழுப்பில் அடிமரம், லேசாகத் தூக்கினால் கிளை. எல்லாரும் அவளைச் சுற்றியே நின்றார்கள். பொய் சொல்வானேன், எனக்கு வயிறு எரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த ஓவியப் போட்டிக்கு எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். தலைப்பு: மரம். எஸ்தர் டம்ளரில் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், பென்சில் சீவும் அரை பிளேடை எடுத்து அந்தப் பிரஷ்ஷின் நுனியை அறுத்துவிட்டேன்.

வந்தவள் பிரஷ்ஷைப் பார்த்தாள். அழுவாள், சாரிடம் போவாள் என்று காத்திருந்தேன். அவளோ மொட்டைப் பிரஷ்ஷைத் துணியில் ஒற்றி, பச்சையைக் கெட்டியாகத் தொட்டுத் தாளில் குத்த ஆரம்பித்தாள். குத்தக் குத்தப் புளியமரத்தின் பொடி இலைகள் கொத்துக் கொத்தாக வந்தன, நடுநடுவே வெயில் விழும் இடைவெளியோடு! பிறகு என் பக்கம் திரும்பி, "கிளைக்கு ஒம் பிரஷ்ஷ செத்த தாயேன்" என்றாள். கொடுத்தேன். வேறென்ன செய்ய? நான் முதல் கிளையின் இலைகளையே முடிக்கவில்லை, அதற்குள் மணி அடித்துவிட்டது. முதல் பரிசு அவளுக்கு.

நாங்கள் சாயம் வாங்கிய கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் எஸ்தரைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவள், "அன்னைக்குப் பிளேடு வச்சது நீதானட்டி? சொல்லிருந்தா ஒன்னயப் போட்டியவிட்டே எந்திரிக்கச் சொல்லிருப்பாக. அதான் சொல்லல" என்று சிரித்துவிட்டு, பரிமாற வந்தவரிடம் என் இலையில் அப்பளம் வைக்கச் சொன்னாள்.

என் பிரஷ்ஷை யாராவது அறுத்திருந்தால் என்னால் அப்படி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க முடியாது. பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை, அவள் மனசை நினைத்து நினைத்துப் பொறாமையாக இருந்தது.