வாய்க்கால் மேல் நடந்த சம்பந்தப் பேச்சு

நெதர்லாந்தில் வேலை பார்க்கும் என் மகள், அந்த ஊர்க்காரன் ஒருவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னபோது நான் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. ஆளைப் பார்க்காமல் சம்மதம் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவ்வளவு தூரம் போய் வீடு வாசல் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வர என் உடம்பு இடம் கொடுக்காது. அதனால் போனிலேயே பார்ப்பது என்று ஆனது. தை மாதம், புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணி. நேரம் குறித்தது நான்தான். பையன் தன் அம்மாவோடு வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும், வீட்டையும் சுற்றிக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

எங்களுக்குச் சோமனூர்ப் பக்கம் தறி குடோன். வீட்டை ஒட்டியே இருப்பதால், தறி ஓடினால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுகூடக் கேட்காது. அன்றைக்கு மூன்று மணிக்குத் தறியை நிறுத்தச் சொன்னேன். நூல் வராமல் நின்றிருக்கிறது, கரண்ட் போய் நின்றிருக்கிறது. ஓர் ஆளுக்காக எங்கள் தறி நின்றது அன்றைக்குத்தான். நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, என் அண்ணனையும் வரவழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். என் வீட்டுக்காரர் இல்லாத இடத்தில் தாய்மாமன் இருக்க வேண்டும் அல்லவா.

சொன்ன நேரத்துக்கு மகள் கூப்பிட்டாள். தலையில் கம்பளிக் குல்லா. மூக்கு சிவந்திருந்தது. பின்னால் வெட்டவெளி. வீட்டையும் காணோம், பையனையும் காணோம்.

“எங்க கண்ணு அந்தத் தம்பி?”

“கோவிச்சுக்காதீங்ம்மா. வாய்க்கால் ஒறைஞ்சுபோச்சுங். பல வருசம் கழிச்சு இப்பத்தான் ஒறைஞ்சிருக்குது. நாளைக்கே உருகிப்போனாலும் போயிருமாமா. அதான் அவரும் அவங்கம்மாவும் சறுக்க வந்துட்டாங்க.”

அண்ணன் போனை வாங்கிக்கொண்டார். “ஏங் கண்ணு, இன்னிக்கு வேலை நாளு. அவனுக்கு ஆபீஸ் கிடையாதா?”

“எல்லாருமே லீவு போட்டுட்டாங்க மாமா. பள்ளிக்கூடத்துப் பசங்களை வாத்தியாருங்களே கூட்டியாந்துட்டாங்க.”

“தண்ணி கெட்டியாச்சுன்னு ஊரே வேலைய உட்டுப்போட்டு வந்துருச்சாக்கும்!” என்றவர் என் பக்கம் திரும்பினார். “அம்மணி, இவனுக்கு வேலையே இல்லை. நம்ம காதுல பூச் சுத்தறாங்க.”

எனக்கும் அப்படித்தான் பட்டது. அதற்கு மேலும் ஒன்று. வீட்டைக் காட்டச் சொன்னால் வெட்டவெளியைக் காட்டுகிறார்களே, ஏற்கெனவே கட்டினவள் ஒருத்தி உள்ளே இருக்கிறாளோ?

“சரி, அந்த வாய்க்காலையாச்சும் காட்டு” என்றேன்.

காட்டினாள். எங்கள் பக்கத்துப் பாசன வாய்க்கால் அகலம்தான். தண்ணீர் எண்ணெய் பூசின ஆட்டுக்கல் மாதிரி கருகருவென்று கிடந்தது. அதன் மேல் கோயில் நோம்பிக் கூட்டம் மாதிரி சனம். பூட்ஸுக்கு அடியில் கத்தி மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். குஞ்சு குளுவான்கள் நாற்காலியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே பழகுகின்றன. என் வயசுக் கிழவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெள்ளாமைக் காட்டைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் போல நிதானமாகப் போகிறார்கள். கரையில் ஒருவர் பட்டாணி சூப் விற்கிறார். அடியில் சிமெண்ட் போட்டிருப்பார்கள் என்று நான் உற்று உற்றுப் பார்த்தேன்.

“ஒடையாதா கண்ணு?”

“அதெல்லாம் ஒடையாதுங்ம்மா.”

அந்த நேரம் காற்றில் அவள் கழுத்துத் துணி விலகியது. உள்ளே மஞ்சள் கயிறு.

தாலியேதான் என்று நினைத்தேன். அண்ணன் எழுந்தே விட்டார். “கட்டிப்போட்டானா? எல்லாத்தையும் முடிச்சுப்போட்டு எங்ககிட்டச் சம்பந்தம் பேசறீங்களா?”

மகள் முழித்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு கயிற்றை வெளியே இழுத்தாள். இரண்டு முனையிலும் சின்ன மரப்பிடி, ஒவ்வொன்றிலும் ஓர் ஆணி. “அய்யோ மாமா! பனி ஒடைஞ்சு உள்ள உழுந்தா இதைக் குத்திக் குத்தித்தான் மேல ஏறோணும். இங்க நெறையப் பேரு போட்டிருப்பாங்க. அவருதான் எனக்கும் மாட்டிவிட்டாரு.”

தாலி இல்லை என்று மூச்சு வந்தது. வந்த மூச்சு உடனே நின்றது. “ஒடையாதுன்னு இப்பத்தானே சொன்னே? ஒடையாததுக்கு எதுக்கு ஆணி?”

அதற்குள் பையனே வந்துவிட்டான். நெட்டையான ஆள், கையில் ஒரு கம்பு. “வணக்கம் அம்மா” என்றான். சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பேச்சை நம்பி நான் யாரையும் எடை போடுவதில்லை. “நீங்க பாட்டுக்குப் போங்க, போனை மட்டும் நேராப் புடி” என்று மகளிடம் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவளை நிற்கச் சொல்லிவிட்டு அவன் முன்னால் போனான். கம்பால் பனியைத் தட்டினான், குனிந்து சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான், பிறகு கை காட்டினான். அவன் போன தடத்திலேயே இவள் போனாள். சரிதான் என்று நினைக்கிறபோதே அவன் திரும்பி நின்று பேச ஆரம்பித்துவிட்டான். பேச்சு சுவாரசியத்தில் இரண்டு பேரும் ஒரு பாலத்தை நோக்கி வழுக்கிக்கொண்டே போனார்கள். எங்கிருந்தோ ஓர் அம்மா வேகமாக வந்து குறுக்கே நின்றார். என் மகளின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். அப்புறம் அவனைப் பிடித்துக்கொண்டார் பாருங்கள்! ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் திட்டு என்று புரிந்தது. அவ்வளவு பெரிய ஆள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

“அவங்கம்மாங்க” என்றாள் மகள். “பாலத்தடியில பனி மெல்லிசா இருக்குமாமா. அங்க எதுக்கு என்னைக் கூட்டிட்டுப் போனேன்னு திட்டறாங்க.”

“நல்லாத் திட்டட்டும்” என்றேன்.

“நாம பாக்கறோம்னு நாடகம் ஆடறாங்க அம்மணி” என்றார் அண்ணன். இருக்கலாம். ஆனால் அந்த அம்மா போன் பக்கம் திரும்பவே இல்லை. என் மகளைப் பிடித்த கையையும் விடவில்லை.

“என்னங்ம்மா சொல்றீங்க?” என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

“மொதல்ல கரையேறு. தண்ணி மேல நிக்கறவகிட்ட நான் வாக்குக் குடுக்க மாட்டேன்.”

மூன்று பேரும் கரையேறிப் புல்லில் உட்கார்ந்து கத்திகளைக் கழற்றினார்கள். கால் மண்ணில் பட்டதைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தேன். “சித்திரையில அவங்கம்மாவையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு. நம்மூட்ல பத்து நாளு இருக்கட்டும். பழகிப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன்.”

மகள் அதை அவர்களிடம் சொன்னாள். அந்த அம்மா முதல் தடவையாகப் போனுக்குள் என்னை உற்றுப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஏதோ சொன்னார்.

“என்னவாமா?”

மகள் தயங்கினாள். “அவங்களும் வந்து உங்களைப் பாத்துட்டுத்தான் சரின்னு சொல்லுவாங்களாமா.”

அண்ணனுக்கு வந்ததே கோபம். அவரைக் கையமர்த்தினேன்.

“அதானே மொறை” என்றேன்.