தட்டில் வைத்த சீனி

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து பலகாரமோ கறியோ வந்தால் அந்தத் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டோம். கழுவித் துடைத்து ஒரு கரண்டி சீனியாவது வைத்துத்தான் கொடுப்போம். வேதக்காரரான கிறிஸ்தவர்கள், சைவர், முஸ்லிம்கள் எல்லோருக்கும் இது பொது. வெறும் தட்டுக் கொடுத்தவள் என்று பெயரெடுத்தால் பிறகு ஒழுங்கையில் தலை காட்ட ஏலாது. நான் இப்போது வெறும் தட்டைத்தான் கொடுக்கிறேன். மருமகள் கேட்டால் மறதி என்பேன். மறதியாவது மண்ணாங்கட்டியாவது!

அந்தக் காய்ச்சல் வந்த வருஷம் எனக்குப் பதினொரு வயது. கப்பல்களோடு துறைமுகத்துக்கு வந்து இறங்கியது என்று சனம் கதைத்தது. உலகம் முழுக்க அதுதான் என்று டொக்யார்டில் கிளாக்கராக இருந்த அப்பா பேப்பரைப் பார்த்துச் சொன்னார். எங்கள் வீட்டில் எட்டு மாதத்தில் பிறந்த தம்பி இருந்தான். அவனுக்கு முன் இரண்டு பிள்ளைகளை அம்மா சவக்காலைக்குக் கொடுத்திருந்தார். அதனால் கிறிஸ்து பிறப்பு நாளான நத்தார் முடியும்வரை எங்கள் வேலிப் படலைக்குள் ஒருவரும் வரவும் கூடாது, நாங்கள் ஒரு வீட்டுக்குள் போகவும் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். கோவிலில் பங்குச் சுவாமியும் அதையேதான் சொன்னார். பூசை முடிந்ததும் நின்று கதைக்காமல் வீட்டுக்குப் போங்கள், பலகாரத்தை வாசலில் வைத்துவிட்டு வாருங்கள், பாலன் கோபிக்கமாட்டார் என்றார்.

பெரியம்மா அம்மாவின் ஒரே அக்கா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஒரு தையல் மெஷின் இருந்தது. ஐந்து வீடு தள்ளிக் கடற்கரைப் பக்கம் தனியாக இருந்தார். நத்தாருக்கு ஐந்து நாளைக்கு முன் அவருக்குக் காய்ச்சல் தொடங்கியது. அம்மா ஓடிப்போனபோது பெரியம்மாவே படலையைச் சாத்திவிட்டு உள்ளே நின்று கதைத்தார்.

“நீ வரப்படாது. கைக்குழந்தை இருக்கு. சாப்பாட்டைத் தூணில வைச்சிட்டுப் போகச் சொல்லு. காலமை தட்டில சீனி இருந்தா நான் எழும்பித் திரியிறன் எண்டு நினை. சீனியைக் காணேல்லையெண்டா ஆரையாவது அனுப்பு.”

அம்மா அழுதுகொண்டு சிரித்தார். அன்றிலிருந்து சாப்பாடு கொண்டுபோகும் வேலை எனக்கு. படலைத் தூணில் தட்டை வைத்து, இன்னொரு தட்டால் மூடிவிட்டு, முதல் நாள் தட்டை எடுத்து வருவேன். நாலு நாளும் சீனி இருந்தது. நத்தாருக்கு முதல் நாள் சட்டை ஒன்றும் மடித்து வைத்திருந்தது. எனக்கென்று காய்ச்சலோடு தைத்து முடித்த சட்டை.

நத்தார் காலை மழை விட்டிருந்தது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கொக்கிசும் பயத்தம் பணியாரமும் கேக்கும் அடுக்கிய தட்டோடு போனேன். தூணில் முதல் நாள் சோற்றுத் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. மூடியைத் தூக்கினேன். மழைத் தண்ணீர் புகுந்து சோறு ஊதிக் கிடந்தது. “பெரியம்மா” என்று கூப்பிட்டேன். பெரிதாகக் கூப்பிடவில்லை, அதுதான் உண்மை. உள்ளே ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. எலி என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று நன்றாகவே தெரியும். ஆனால் சொன்னால் அம்மா போவார். அப்பா மறிப்பார், சண்டை வரும். அம்மா போய்க் காய்ச்சலைக் கொண்டுவந்தால் தம்பி செத்துப்போவான். இவ்வளவும் பயம்தான். பயம் மட்டும்தான் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எனக்கு நத்தார் வேண்டும் என்றும் இருந்தது. வருஷம் முழுக்கக் காத்திருந்த ஒரு நாள், சனியன் பிடித்த காய்ச்சல் அதையும் தின்னப் பார்க்கிறது என்று எரிச்சலாக இருந்தது.

சோற்றைக் காகத்துக்குக் கொட்டினேன். பலகாரத் தட்டைத் தூணில் வைத்தேன். எங்கள் வளவுக்குப் பின்பக்கத்தால் வந்து, கிணற்றடியில் தட்டைக் கழுவி, குசினிக்குள் போய்ப் போத்தலில் இருந்து ஒரு கரண்டி சீனி எடுத்து வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. முன் அறையில் அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். தட்டை நீட்டினேன். அம்மா சீனியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அக்கா எழும்பீட்டாவோ?”

“ஓம்.”

அப்பாவுக்கு அன்று நல்ல சந்தோஷம். காய்ச்சல் காலத்தில் நத்தாரை எப்படிக் கொண்டாட வேண்டும் என்பதற்கு எங்கள் வீடுதான் உதாரணம் என்று பகிடி விட்டார். ரேடியோவில் பாட்டுப் போனது. நான் மூன்று துண்டு கேக் தின்றேன்.

மறுநாள் காலை கிண்ணியாவிலிருந்து தோணியில் வந்து மீன் விற்கிற முஸ்லிம் நானா, தூணில் பலகாரம் எறும்பு மொய்த்துக் கிடந்ததைப் பார்த்து நின்றிருக்கிறார். நாங்கள் ஒருவரும் தொடாத படலையை அவர் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். பெரியம்மா முன்கதவுக்கு உள்பக்கம் தரையில் கிடந்தார். வாசல்வரை தவழ்ந்து வந்திருக்கிறார். வந்து பார்த்த ஆஸ்பத்திரி அப்போதிக்கரி, நேற்றுப் பின்னேரம் வரைக்கும் உயிர் இருந்திருக்க வேணும் என்றார்.

எட்டுப் பேரோடு அடக்கம் நடந்தது. நத்தார் காலை சீனி வைத்தவர் அதற்குப் பிறகு திடீரென்று விழுந்துவிட்டார் என்று அப்பா வந்தவர்களுக்குச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அம்மா தம்பியின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். தம்பிக்கு ஒன்றும் நடக்கவில்லை. இன்று துறைமுகத்தில் வேலை செய்கிறான், தொந்தி வைத்திருக்கிறான். எனக்குத்தான் அந்த உரசுகிற சத்தம் போகவில்லை. மழை விட்ட காலையில், வீட்டில் எல்லோரும் இருக்கும்போதே, கதவுக்குக் கீழே கேட்கும். எழும்பிப் போய்க் கதவைத் திறந்து பார்ப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இன்றைக்கும் பார்க்கிறேன்.

இருபது வருஷம் கழித்து அம்மா படுக்கையில் விழுந்தார். ஒரு மத்தியானம் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது என்னால் தாங்க ஏலாமல் போயிற்று. சீனி வைத்தது நான்தான் என்று சொன்னேன். அம்மா வாயிலிருந்த கஞ்சியை விழுங்கினார்.

“தெரியும் பிள்ளை. அக்கா வீட்டில சிவப்புச் சீனிதான் இருந்தது. நீ கொண்டு வந்தது வெள்ளைச் சீனி.”

எனக்குக் கோபம்தான் வந்தது, அழுகை வரவில்லை. இவ்வளவு காலமும் தனியாகச் சுமந்தேனே என்று கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட்டு, அன்றைக்கே ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

“கேட்டிருந்தா நான் போயிருக்க வேணுமே.”