ஏரிக்குக் கீழே கறுப்புத் திட்டு

செயற்கைக்கோள் தன்பாட்டுக்குப் படம் எடுத்துவிட்டுப் போய்விடும். ஊருக்குப் பதில் சொல்லுகிற வேலை மட்டும் என்னுடையது. திருத்தணியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, தீ, வெள்ளம் எதுவானாலும் படத்தில் பார்த்து எச்சரிக்கை அனுப்புகிறேன். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் வாங்கிய பேச்சு ஒன்றும் புதிதாக இருக்காது.

சோகைத் தீ

சேர்ந்த புதிதில், மலையடிவாரத்தில் தீ என்று திரையில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. காடு பற்றிக்கொண்டது என்று பதறி, தீயணைப்பு வண்டியையும் வரச்சொல்லி ஜீப்பில் ஓடினேன். கரும்பு வெட்டிய கழனியில் ஒருவர் காய்ந்த இலைச் சோகையைக் கொளுத்திவிட்டு, வரப்பில் பீடியோடு உட்கார்ந்திருந்தார். வானத்திலிருந்து தெரிந்தது என்று விளக்கினேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "என் பீடி கூட அதுல தெரியுதுங்களா?"

வந்தது தண்ணீர் இல்லை

ராடார் படத்தில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். மேகம் மூடியிருந்தாலும் கவலையில்லை. பொதட்டூர்பேட்டைப் பக்கம், ஓர் ஏரிக்குக் கீழே ஒரு நெசவுத் தெரு இருக்கிறது. மழைநாளில் அதன் மேற்கே பெரிய கறுப்புத் திட்டு. ஏரித் தண்ணீர் இறங்கிவிட்டது என்று தெருவுக்குச் சொல்லி அனுப்பினேன். பாவம், விசைத்தறி மோட்டார்களைக் கழற்றிப் பரணில் ஏற்றினார்கள், நூல் மூட்டைகளை மாடிக்குத் தூக்கினார்கள். ஒரு சொட்டு வரவில்லை.

போய்ப் பார்த்தால், யாரோ வீட்டுமனை போட நிலத்தைச் சமப்படுத்தி வைத்திருக்கிறார்கள். வழவழப்பான தரையும் ராடாருக்குக் கறுப்புதான். நாலு தறி வைத்திருக்கும் முனிரத்தினம் என்னைக் கண்டதும் சொன்னார்: "தண்ணி வருதுன்னீங்க, மனை வந்துகீது. நல்லாகீது மேடம்."

இரண்டாம் தடவை

அடுத்த மழைக்கு அதே இடத்தில் கறுப்பு. இம்முறை இன்னும் அகலம், ஓரம் தெருப் பக்கமாக நீண்டிருந்தது. சொல்லிப் பொய்யானால் இனி அந்தத் தெரு என் பேச்சைக் கேட்காது. சொல்லாமல் விட்டு மோட்டார்கள் நனைந்தால் அத்தனை குடும்பத்துக்கும் சோறு போச்சு. போனை நம்பாமல் நேரில் போய் ஏரிக்கரையில் ஏறினேன். ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கோடி வழியே போய்க்கொண்டிருந்தது. மனைக்காகப் போட்ட மண் ரோடு அது போகும் கால்வாயை மறிக்க, தண்ணீர் முட்டி நின்று தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது.

முனிரத்தினம் வீட்டுக்கு ஓடிச் சொன்னேன். தறியை நிறுத்தாமலே, இது மனையா தண்ணியா என்று கேட்டார். கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். ஒரு கணம் என் சேறு பிடித்த காலைப் பார்த்தார். சுவிட்சை அணைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார்: "ஸ்பேனரு எடும்மா."

முழங்கால் தண்ணீர்

அவர் கழற்றுவதைப் பார்த்துத் தெரு முழுக்கக் கழற்றியது. பொழுது சாய்வதற்குள் தறிக்கூடங்களில் முழங்கால் அளவு தண்ணீர். மறுநாள் மண் ரோட்டை வெட்டி வடியவிட்டார்கள். வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். ஒரு மோட்டார்கூட நனையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சேற்றில் நின்றுகொண்டு தனியாகச் சிரித்தேன்.

முனிரத்தினம் டீ கொடுத்தார். கனகம்மாசத்திரத்தில் பள்ளத்தில் குடியிருக்கும் தன் சம்பந்தியின் போன் நம்பரை எழுதிக்கொள்ளச் சொன்னார். "அவரு ஊட்டையும் ஒரு தபா மேலேந்து பாத்து வெச்சிடுங்க மேடம்."

இப்போதெல்லாம் மேகம் கறுத்தாலே அந்தத் தெருவிலிருந்து எனக்குப் போன் வந்துவிடுகிறது, பாதிப் பேருக்குத் தெரியவேண்டியது நூல் காயப்போடலாமா என்பதுதான்.