ஞானரட்ணம் ஊன்றிய கால்

லண்டன் எட்மண்டனில் பாண் சுடும் தொழிற்சாலையொன்றில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஞானரட்ணத்துக்கு ஞாயிறு என்றால் அமெரிக்கன் புட்போல்தான். விளையாட அல்ல; நாற்பத்தாறு வயதில் அதற்குப் போனால் எலும்பு மிஞ்சாது. நடுவராக நிற்க. ஜெர்மனியில் அகதியாக இருந்தபோது பிடித்த பைத்தியம் அது. அங்கே நான்கு வருடம் கோட்டோரம் நின்று தீர்ப்புச் சொன்ன மனிதனை, லண்டன்காரர்கள் இரண்டு வருடமாகத் தூரம் அளக்கும் சங்கிலியைத் தூக்க விட்டிருந்தார்கள். 2009 ஓகஸ்டில்தான் ஒரு ஆட்டத்தில் கோட்டோர நடுவராக நிறுத்தி, பரிசோதகர் ஒருவரை வைத்துச் சோதித்துப் பார்க்க மனம் வந்தது. தவறினால் மறுபடியும் சங்கிலிதான்.

"உந்தக் கோதாரி விளையாட்டுக்குச் சோதினை வேறயோ?" என்று கேட்டபடியே மனைவி கலாவதி கோடுபோட்ட சட்டையை அயர்ன் பண்ணிக் கொடுத்தாள்.

பந்தோடு ஓடுகிறவனை எதிராளிகள் மறித்துப் பின்னே தள்ளினால், அவன் விழுந்த இடம் கணக்கில்லை. பந்து எட்டிய முன்னிடம்தான் கணக்கு. தானாகப் பின்வாங்கினால் அந்தச் சலுகை கிடையாது. கோட்டோர நடுவர் அந்த இடத்துக்கு நேரே காலை ஊன்றி, பந்தை வைக்கும்வரை அசையக்கூடாது.

சோதினை ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள். வெளியூர் அணிக்குக் கடைசி வாய்ப்பு, இரண்டு கஜம் வேண்டும். தவறினால் பந்து உள்ளூர் அணிக்கு. பந்தோடு ஓடியவன் அந்த இரண்டு கஜக் குறியை அரைக் கஜம் தாண்டிவிட்டான். உள்ளூர்த் தடியன்கள் இருவர் அவனை அப்படியே தூக்கி மூன்று கஜம் பின்னால் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஞானரட்ணம் காலை ஊன்றினார்.

"தாண்டிவிட்டானா?" என்று தலைமை நடுவர் ஓடிவந்தபடி ஆங்கிலத்தில் கேட்டார்.

பதற்றத்தில் யாழ்ப்பாணம் முந்திக்கொண்டது. "ஓம், ஓம்!"

தலைமை நடுவரோ 'ஹ'வை விழுங்கிப் பேசும் கிழக்கு லண்டன்காரர். உள்ளூர் அணியைக் குறிக்கும் 'ஹோம்' அவர் வாயில் 'ஓம்' என்றுதான் வரும். பந்து உள்ளூர் அணிக்கு என்று கையைக் காட்டிவிட்டார்.

பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. பேசினால் பரிசோதகரின் முன்னால் தன் பிழையைத் தானே ஊதிச் சொன்னதாகும். ஆனால் அந்தப் பெடியன் தாண்டியதைக் கண்டவர் ஞானரட்ணம் ஒருவர்தான். விசிலை ஊதி, காலை எடுக்காமலே கைகளை ஆட்டித் தலைமை நடுவரை அழைத்தார்.

"ஓம் என்றால் எங்கள் மொழியில் 'யெஸ்', ஐயா."

தலைமை நடுவர் அவருடைய ஊன்றிய காலைப் பார்த்தார். பிறகு திரும்பி, பந்து வெளியூர் அணிக்கு என்று கையை மறுபக்கம் நீட்டினார். உள்ளூர்ப் பயிற்சியாளர் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். ஞானரட்ணத்தின் கால் அசையவில்லை.

ஆட்டம் முடிந்ததும் பரிசோதகர் வந்தார். "சொல்தான் பிழை, தீர்ப்புச் சரி. இனிமேல் கையால் காட்டு. பாஸ்."

ஞானரட்ணம் ஈரப் புல்லில் தொப்பென்று உட்கார்ந்து வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"பாஸாம்." குரல் உடைந்துவிட்டது.

"இஞ்சருங்கோ, அழுறியளோ?"

"அழுறன்தான். ரெண்டு வருசம் சங்கிலி தூக்கினனப்பா."