ஒசந்த முள்ளும் ஒத்தை ரூவாயும்

பழைய ரெக்கார்டு பிளேயருக்கு கார்ட்ரிட்ஜ் மாத்தோணும்னு வாயைத் தொறந்தாப் போதும், ஊர்ல இருக்கற அத்தனை மேதாவியும் வந்து உக்காந்துக்குவான். முள்ளைப் புடிச்சுட்டு இருக்கற சுண்டுவிரல் தண்டி டப்பி அது. அதுக்கு என்னமோ இருதய ஆபரேசன் கணக்காப் பேசுவானுக. கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் ஏரியாவுல எனக்கு ஒரு சிநேகிதன் இருக்கறான். பாட்டுக் கேக்கறதுக்குன்னே தனி ரூம், அதுக்கு ஏசி. ஒரு பாட்டை அவன் முழுசாக் கேட்டு நான் பாத்ததில்லை. பாதியில நிறுத்திப்போட்டு, "இந்த ஒயர் ஜப்பான்டா"ம்பான். வெட்டிப்பய.

அவன் பேச்சைத்தான் நான் கேட்டேன்.

எங்கூட்டுக்காரம்மாவுக்கு முக்கியம் ஒரே ஒரு ரெக்கார்டுதான். அதுல கிளாரினெட் வாசிச்சவரு அவ அண்ணன். ஆனைமலை அம்மன் மேல உள்ளூர்க்காரங்க சேந்து போட்ட பக்திப் பாட்டு. வேற எங்க தேடியும் இன்னொண்ணு கெடைக்கலை. ரெண்டாவது பாட்டு நடுவால அரை நிமிசம் அவரு தனியா வாசிப்பாரு. மனுசன் போய்ச் சேந்து வருசம் பலவாச்சு. செத்த நாளன்னிக்கு வருசா வருசம் அவ அதைப் போட்டுக் கேப்பா. இந்தத் தடவை நாள் நெருங்கறப்பப் பாத்து முள்ளு தேஞ்சு போச்சு. போன்ல பதிஞ்சு வெச்சுக்கலாம்ப்பான்னு எம்பொண்ணு போன வருசமே சொன்னா. இந்தத் தகரச் சத்தத்தைப் பதிஞ்சு என்ன பண்ண, நல்ல முள்ளு போட்டப்புறம் பாத்துக்கலாம்னு வெரட்டிவுட்டது நான்தான்.

உக்கடத்துல ஒரு பாய் கடை. பிளேயரைத் தூக்கிட்டுப் போனேன். முள்ளைத் தாங்கற கையை ரெண்டு தரம் தூக்கி எறக்கிப் பாத்தாரு. "இது கனத்த கைங்க. சாதா கார்ட்ரிட்ஜே போதுமுங்க, பாரம் தாங்கும்"னு செகப்பு பிளாஸ்டிக் டப்பி ஒண்ணை எடுத்து வெச்சாரு. தேர்க்கடையில விக்கற வெளையாட்டுச் சாமான் மாதிரி இருந்துச்சு. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. சிநேகிதன் சொன்ன சீமைச் சரக்கைப் பத்தி, அது எவ்வளவு மெல்லிசு, எவ்வளவு ஒசத்தின்னு அவருக்கே பாடம் நடத்துனேன். பொறுமையாக் கேட்டுப்போட்டு, "உங்களுக்குத் தெரியாததுங்களா"ன்னாரு.

கோயமுத்தூர்ல பொறந்தவனுக்கு இதுக்கு அர்த்தம் தெரியோணும். எக்கேடோ கெட்டுப் போங்கறதை எங்கூர்ல இப்பிடித்தான் மரியாதையாச் சொல்லுவாங்க. நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கறேன்! அன்னிக்கு அது பாராட்டுன்னு பட்டுச்சு. தலை கனத்தவனுக்குக் காது எப்பிடிக் கேக்கும்?

சீமைச் சரக்கு கூரியர்ல வந்துச்சு. நானே மாட்டுனேன். நெனவு நாளன்னிக்கு அவ காலையில தலைக்கு ஊத்திட்டு, அண்ணன் போட்டோவுக்குப் பூ வெச்சுட்டு வந்து உக்காந்தா. முள்ளு தட்டு மேல நிக்காமத் தவ்வுச்சு. ஒரு வரி பாடும், நாலு வரி தாண்டும். "பாய்கிட்டயே போலாம்ப்பா"ன்னா பொண்ணு. போனனா? முள்ளு தவ்வுனா, பாரத்துக்கு அந்தக் கையோட தலை மேல காசு வெக்கறது மைக்செட்டுக்காரங்க பழக்கம். அதை நக்கலடிச்சே பொழுதை ஓட்டுனவன் நான். ஜோப்புல கெடந்த ஒத்தை ரூவாயை எடுத்து வெச்சுப்போட்டேன்.

தவ்வறது நின்னு போச்சு. மொதப் பாட்டு சுத்தமா ஓடுச்சு. பாத்தியான்னு அவ மூஞ்சியைப் பாத்தேன். ரெண்டாவது பாட்டுல கிளாரினெட் எடுத்துச்சு. ரெண்டு மூச்சு இருக்கும், கர்ர்னு ஒரு சத்தம். நான் எந்திரிச்சுப் போய்த் தூக்கறதுக்குள்ள பாரம் தாங்காம முள்ளு கோணி, அதோட தண்டு தட்டைக் கீறிருச்சு. சரியா அந்த எடத்துல. வெரல் வெச்சா நெருடுது.

ரேஸ்கோர்ஸ்காரனைத் திட்டுனேன். கம்பெனிக்காரனைத் திட்டுனேன். திட்டறதுக்கு ஆள் தீந்தப்புறம், "பாய் சொன்னதை வாங்கி மாட்டறேன் அம்மணி, கீறலைத் தாண்டி ஓடும். நான் சரி பண்ணிப்போடறேன்"னேன்.

அவ காசை எடுத்து மேசை மேல வெச்சா. தட்டை முந்தானையில தொடைச்சு உறைக்குள்ள போட்டா.

"பண்ணுங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா"ன்னுட்டு உள்ள போயிட்டா.